ஜன்னலின் பங்கு

புதுவாயல் பக்கம்
9-2-2025

புஜ்ஜி,

உன் அக்கா ஈஸ்வரி எழுதுகிறேன். நான் இருக்கிறேன். மெஸ்ஸில் வெங்காயம் நறுக்குகிறேன், வந்து ஒரு வாய் சாப்பிடுகிறேன், படுக்கிறேன். கடிதம் என்றால் முதலில் சுகமா என்று கேட்க வேண்டும் என்று அஞ்சாம் வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்தார். உன்னை எப்படிக் கேட்பது? ஐப்பசியில் போனவள் நீ. இப்போது தை முடியப்போகிறது.

உன் மகள் இளமதி லக்னோவிலிருந்து போன் போட்டாள். “பெரிம்மா” என்று கூப்பிட்டாள். அப்படியே உன் குரல். நான் கட் பண்ணிவிட்டேன். திரும்பத் திரும்ப அடித்தாள். கடைசியில், போன் வேண்டாம், கடிதமாக எழுது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு மெசேஜ் அனுப்பச் சொன்னேன்.

கடிதம் வந்தது. விஷயம் இதுதான். செடிகளைப் பற்றிப் பெரிய படிப்பு படிக்கிறாளே, அதற்கு நித்தியகல்யாணியை எடுத்திருக்கிறாளாம். வெயில் ஏற ஏற அந்த இலையில் இருக்கிற புற்றுநோய் மருந்து கூடுமா, குறையுமா என்று பார்க்க வேண்டுமாம். “நம்ம வீட்டுக்குப் பின்னால் இரும்பு உருக்கும் கம்பெனியின் சுவர் ஓரம் அது நிறைய இருக்குமே, எனக்கு இலை பறித்து அனுப்புவாயா?” என்று கேட்கிறாள்.

அந்தச் சுவர் ஓரத்து இலைதான், புஜ்ஜி.

உன் கழுத்துக் கட்டிக்கு முதல் ஊசி போட்ட அன்று, அந்த நர்ஸ் பெண் நமக்குத் தைரியம் சொல்வதற்காக, “பயப்படாதீங்கம்மா, இதுல ஒரு மருந்து நித்தியகல்யாணியிலருந்து எடுக்குறதுதான்” என்றாள். அவள் ஆறுதலுக்குச் சொன்னதை நான் வைத்தியமாக எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறார்கள், நம் வீட்டுக்குப் பின்னால் புதராகக் கிடக்கிறதே என்று நினைத்தேன். ஆடு கூடக் கடிக்காத இலை. ஆடியிலிருந்து புரட்டாசி வரைக்கும் தினமும் ஒரு பிடி கொதிக்க வைத்து உனக்குக் கொடுத்தேன். நீ சிரித்தாய். “சுடுகாட்டு மல்லின்னுதானே ஊர்ல பேரு? நான் போறதுக்கு முன்னாடியே அது ஊட்டுக்கு வந்துடுச்சா?” என்றாய். ஆனாலும் வாங்கிக்கொண்டாய். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாய். மூன்றாவது ஊசிக்குப் போனபோது ரத்தத்தில் வெள்ளை அணு இறங்கிவிட்டது, இப்போது போட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நீ எழுந்திருக்கவே இல்லை.

டாக்டருக்குத் தெரியாது. உன் மகளுக்கும் தெரியாது.

இளமதிக்குச் சரி என்று சொல்லப் போகிறேன். அவளுக்கு மெஷின் இருக்கிறதாம், இலையில் என்ன இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடுமாம். நான் உனக்குக் கொடுத்தது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இதை எந்தப் பெட்டியில் போடுவது? உன் சேலைகளுக்கு நடுவில் வைக்கிறேன்.

உன் அக்கா

*

லக்னோ
2-3-2025

அன்பான பெரிம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே குளிர் விட்டுவிட்டது. ரொட்டி தின்று தின்று நாக்கு மரத்துப்போனதைத் தவிர ஒரு குறையும் இல்லை. உன் முட்டி வலி எப்படி? ஈரத்தரையில் உட்கார்ந்து நறுக்காதே, ஒரு முக்காலி கேள்.

நீ சம்மதித்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இந்தப் பார்சலில் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். செய்ய வேண்டியது இவ்வளவுதான். சுவர் ஓரத்தில் ஆறு செடியைத் தேர்ந்து கயிறு கட்டு. கிணற்றடியில் வேப்பமர நிழலில் ஆறு செடி நடு. இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். தினமும் மதியம் இரண்டு மணிக்கு இரண்டு இடத்திலும் எத்தனை டிகிரி என்று எழுது. மாதம் ஒருமுறை இலை பறித்து, வெயிலில் போடாமல் வீட்டுக்குள் நிழலிலேயே உலர்த்தி, தனித்தனிப் பொட்டலமாக அனுப்பு. சுவர்ச் செடி எது, கிணற்றுச் செடி எது என்று மட்டும் மாறிவிடக் கூடாது.

உன்னை ஏன் கேட்டேன் என்றால், இங்கே கண்ணாடி அறைக்குள் சூட்டை ஏற்றி இறக்கி வளர்க்கிறோம். அது பொய்ச் சூடு. உன் வீட்டில் ஒரே தண்ணீர், ஒரே மண், நடுவில் ஐம்பது அடி. ஒரு பக்கம் உலை மாதிரிச் சுவர், ஒரு பக்கம் மர நிழல். அப்படி ஓர் இடம் வேறு எங்கே கிடைக்கும்?

இன்னொரு காரணமும் இருக்கிறது. அம்மாவுக்குப் போட்ட மருந்து இந்தச் செடியில் பிறந்தது. அதை நீயும் நானும் சேர்ந்து பார்த்தால் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று தோன்றியது.

உன் இளமதி

*

புதுவாயல் பக்கம்
6-4-2025

இளமதிக் கண்ணுக்கு,

பெரிம்மாவின் ஆசீர்வாதம். முட்டி பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஊறுகாய் வைத்தால் இலை கெட்டுவிடுமோ என்று வைக்கவில்லை.

ஆறும் ஆறும் பன்னிரண்டு செடியும் பிழைத்துவிட்டன. கிணற்றடியில் முப்பத்தைந்து, முப்பத்தாறு காட்டுகிறது. சுவர் ஓரத்தில் நாற்பத்தொன்று. கம்பெனியில் உலை பற்றவைக்கிற நாளில் அதற்கும் மேலே போகிறது. சுவரில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி இருக்கிறது. எல்லாம் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். எழுத்து கோணல் என்று சிரிக்காதே.

கம்பெனி வாட்ச்மேன் சாலமோன் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “இன்னாக்கா, செடிக்கு ஜொரம் பாக்குறியா?” என்று கேட்டான். ஆமாண்டா, நூத்தி நாலு என்றேன்.

கும்மிடிப்பூண்டி தபால் ஆபீசில் பார்சல் வாங்குகிற பெண் ஹஸ்னா பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, “அக்கா, கஞ்சா கிஞ்சா இல்லியே? என்னை உள்ள தள்ளிடாதீங்க” என்றாள். என் தங்கச்சி மகள் படிப்புக்கு என்றேன். மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளே முத்திரை குத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

ஒன்று கேட்க வேண்டும். சுவர்ச் செடி மதியத்தில் தலை தொங்கிப்போகிறது. பார்க்கவே பாவமாக இருக்கிறது. கிணற்றடிச் செடி கும்மென்று நிற்கிறது. அப்படியானால் மருந்தும் கிணற்றடியில்தானே அதிகம் இருக்கும்? வாடினதில் என்ன இருக்கப் போகிறது? மெஷின் என்ன சொல்கிறது என்று உடனே எழுது.

பெரிம்மா

*

லக்னோ
27-4-2025

அன்பான பெரிம்மா,

உன் எழுத்து கோணல் இல்லை. உன் தாளை என் கைடு எல்லோருக்கும் காட்டினார். ஒரு நாள் கூட விடாமல் எழுதியிருக்கிறாய், எங்கள் பசங்களே இப்படி எழுதுவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எனக்கு லேசாகச் சளி, வேறொன்றும் இல்லை.

மெஷின் நீ நினைத்ததற்கு நேர்மாறாகச் சொல்கிறது. வாடின சுவர்ச் செடியில்தான் மருந்துச் சத்து அதிகம். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

ஏன் என்று சொல்கிறேன். அந்தச் சத்து நமக்காக உண்டானதில்லை. செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கிற கசப்பு அது. வெயில் அடித்தால், பூச்சி கடித்தால் அது கசப்பைக் கூட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. வெயில் அந்த எல்லையைத் தாண்டிப் போனால் செடிக்குக் கசப்பை உண்டாக்கவே தெம்பு இருக்காது. அப்போது சத்து சரசரவென்று இறங்கிவிடும். அந்த எல்லை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. வருடா வருடம் வெயில் ஏறிக்கொண்டே போகிறது. இந்த மருந்துக்கு நாளைக்கு இலை எங்கிருந்து வரும் என்று யாராவது பார்க்க வேண்டாமா?

ஆறு செடியை வைத்து எதையும் முடிவாகச் சொல்லிவிட முடியாது. மே மாதம் தெரிந்துவிடும். அப்போதுதான் சுவர் உண்மையாகக் கொதிக்கும்.

உன் இளமதி

*

புதுவாயல் பக்கம்
8-6-2025

இளமதிக் கண்ணுக்கு,

பெரிம்மா எழுதுவது. சளி போய்விட்டதா? மிளகு கிடைக்குமா அங்கே? எனக்கு ஒன்றும் இல்லை. வெயில்தான் தாங்கவில்லை.

நீ எழுதினதைப் பலமுறை படித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரிப் புரிகிறது. வாடினால் அதிகம் என்கிறாய். ரொம்ப வாடினால் குறைவு என்கிறாய். ரொம்ப என்றால் எவ்வளவு? பார்த்தால் தெரியுமா? தொங்குகிற இலையைக் கையில் எடுத்தால் இது அதிகம், இது குறைவு என்று ஒரு மனுஷி கண்டுபிடிக்க முடியுமா? போன வருஷம் ஆவணியில் இங்கே எத்தனை டிகிரி இருந்திருக்கும் என்று எங்காவது எழுதி வைத்திருப்பார்களா?

மெஸ்ஸில் என்னோடு நறுக்குகிற ஒரு பொம்பளை கேட்டாள். அவள் சொந்தத்தில் யாருக்கோ கட்டியாம். இந்த இலையைக் கஷாயம் போட்டுக் கொடுத்தால் நல்லதா என்று. ஊசியும் போட்டுக்கொண்டு இதையும் குடித்தால் என்ன ஆகும்? அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும், எழுது.

மே மாத இலை வைத்திருக்கிறேன். சுவர் ஓரம் நாற்பத்துநாலு வரைக்கும் போனது. தாளில் இருக்கிறது.

பெரிம்மா

*

லக்னோ
6-7-2025

அன்பான பெரிம்மா,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் அந்த மெஸ் அக்கா விஷயம். தயவுசெய்து உடனே போய்ச் சொல். கொடுக்கவே கூடாது. அந்த இலை பச்சையாகவோ கஷாயமாகவோ மருந்து இல்லை, விஷம். அரை டன் காய்ந்த இலையைச் சுத்தம் செய்தால் ஊசி மருந்து ஒரு கிராம் தேறும். ஒரு பிடி இலையில் நோயைத் தீர்க்கிற அளவுக்கு மருந்து இருக்காது, ஆனால் உடம்பைக் கெடுக்கிற வேறு பல சத்துகள் இருக்கும். ஈரல் கெடும், ரத்த அணு இறங்கும். ஊசியோடு சேர்ந்தால் இன்னும் மோசம். அவர்களை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்.

அடுத்தது, மே மாத இலை. எனக்குத் தலையே சுற்றுகிறது. நாற்பத்துநாலு டிகிரி என்று எழுதியிருக்கிறாய். மெஷினோ சுவர்ச் செடியும் கிணற்றுச் செடியும் ஒன்று என்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். ஏப்ரலில் ஒன்றரை மடங்கு இருந்தது எப்படிச் சமமாகும்? கைடு என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். பொட்டலம் மாறிவிட்டதா பெரிம்மா? தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதா? என்ன நடந்தது என்று அப்படியே எழுது. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் இளமதி

*

புதுவாயல் பக்கம்
20-7-2025

இளமதிக் கண்ணுக்கு,

பெரிம்மாவை மன்னித்துவிடு. பொட்டலம் மாறவில்லை. தெர்மாமீட்டரும் நன்றாக இருக்கிறது.

சித்திரை கடைசியில் ஒரு நாள் சுவர்ச் செடி ஆறும் தரையோடு படுத்துவிட்டது. எனக்குப் பார்க்க முடியவில்லை. உன் அம்மாவின் மாங்காய்ப்பச்சைச் சேலையை எடுத்து நாலு குச்சி நட்டுப் பந்தல் மாதிரி கட்டிவிட்டேன். தண்ணீரில் நனைத்து நனைத்துக் கட்டினேன். தெர்மாமீட்டர் சுவரில் ஆணியில் தொங்கியது, அது வெயிலிலேயே இருந்தது. அது காட்டியதைத்தான் எழுதினேன். பொய் எழுதவில்லை. ஆனால் செடி அந்த வெயிலில் இல்லை.

சாலமோன் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, சுடுகாட்டு மல்லிக்கு பந்தல் போட்டுக்கினு இருக்க? அடுத்து வளைகாப்பா?” என்றான். அவனுக்குச் சிரிப்பு. நான் சேலைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டேன்.

வாட வாட அதில் சத்து ஏறும் என்று நீ எழுதியிருந்தாயே. ஏற வேண்டாம் என்று தோன்றியது. அந்தச் சுவர்ச் செடியில் அதிகம் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் கட்டினேன். உன் படிப்பைக் கெடுக்க நினைக்கவில்லை.

சேலையை அவிழ்த்துவிட்டேன். இனிமேல் கட்ட மாட்டேன். நீ சாப்பிடு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

பெரிம்மா

*

லக்னோ
24-8-2025

பெரிம்மா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் எடுத்துப் படிக்கிறேன்.

சுவர்ச் செடியில் அதிகம் இருக்கக் கூடாது என்று நீ ஏன் நினைத்தாய்? போன வருஷம் ஆவணியில் எத்தனை டிகிரி என்று ஏன் கேட்டாய்? மெஸ்ஸில் அப்படி ஒரு அக்கா இருக்கிறாளா?

அம்மாவுக்கு நீ என்ன கொடுத்தாய்?

இளமதி

*

புதுவாயல் பக்கம்
7-9-2025

இளமதி,

நீ சுகமாக இருக்க வேண்டும். மற்றது எதுவும் எனக்கு வேண்டாம்.

மெஸ்ஸில் அப்படி யாரும் இல்லை. நான்தான்.

முதல் ஊசிக்கு மறுநாளிலிருந்து கொடுத்தேன். சுவர் ஓரத்து இலை ஒரு பிடி, ஒரு சொம்பு தண்ணீர், பாதியாகச் சுண்டுகிற வரைக்கும். காலையில் வெறும் வயிற்றில். அறுபது நாளுக்கு மேல் இருக்கும். டாக்டரிடம் சொல்லலாமா என்று உன் அம்மாவைக் கேட்டேன். “சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்க, சும்மா இரு” என்றாள். நானும் சும்மா இருந்துவிட்டேன். அவள் மேல் பழி போடவில்லை. நான்தான் பெரியவள்.

அவள் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரே ஒரு பிடிவாதம்தான். நான் டம்ளரைக் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கக் கூடாது. “நீ நின்னு பாத்துக்கினு இருந்தா எனக்கு தொண்டைல எறங்காது. போ, போய் கோழிக்கு தீனி போடு” என்று விரட்டுவாள். நான் திரும்பி வந்தால் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள். ஒரு சொட்டு விழாது. வாயைப் புறங்கையால் துடைத்துக்கொள்வாள். எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடும்.

பிறகுதான் வெள்ளை அணு இறங்கிவிட்டது என்றார்கள்.

இளமதி, நீ முதலில் எழுதினபோது சுவர்ச் செடியில் சத்து அதிகம் என்றாய். அப்படியென்றால் நான் கொடுத்தது அவளைக் கொன்றது. ரொம்ப வெயிலில் குறைவு என்றாய். அப்படியென்றால் வெறும் கசப்புத் தண்ணீரைக் கொடுத்துக் கொடுத்து, பிழைத்துவிடுவாய் பிழைத்துவிடுவாய் என்று அவளை ஏமாற்றியிருக்கிறேன். அப்புறம், எவ்வளவு இருந்தாலும் விஷம் என்றாய். எதை எடுத்தாலும் அது என் கையில் வந்து முடிகிறது. எது உண்மை என்று தெரிந்தால் அதை வைத்துக்கொண்டு இருந்துவிடுவேன். மூன்றையும் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

நீ என்னைப் பெரிம்மா என்று இனிமேல் கூப்பிட வேண்டாம் என்றாலும் சரி. இலை மட்டும் அனுப்புகிறேன். அதை நிறுத்தச் சொல்லாதே.

ஈஸ்வரி

*

லக்னோ
30-11-2025

பெரிம்மா,

செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்று பொட்டலமும் வந்தன. உள்ளே டிகிரித் தாள் மட்டும். ஒரு வரி கூட நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

அம்மாவின் வருஷத் திதிக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். ரத்து செய்துவிட்டேன். ஊர் வந்தால் உன்னை ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயம். இங்கேயே ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு லேபுக்குப் போனேன். அங்கே போனால் மேசை மேல் உன் இலை.

எனக்குக் கோபம்தான். யார் மேல் என்று பிரிக்க முடியவில்லை. உன் மேல். மறைத்த அம்மா மேல். பரீட்சை முடியட்டும் என்று அம்மா சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு வராமல் இருந்த என் மேல். நீயாவது கூட இருந்தாய்.

இங்கே ஒரு புற்றுநோய் டாக்டரைப் பார்த்தேன். யார் என்று சொல்லாமல் கேட்டேன். அந்த ஊசிகளே வெள்ளை அணுவை இறக்கும், பல பேருக்கு அப்படித்தான் ஆகும் என்றார். இலையும் சேர்ந்து இறக்கியிருக்குமா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். மெத்தப் படித்தவரும் உன்னை மாதிரிதான் பேசுகிறார்.

ஆனால் உன் கடிதத்தில் ஓர் இடத்தில் நான் நின்றுவிட்டேன். கோழிக்குத் தீனி போடப் போகச் சொல்லுவாள் என்று எழுதியிருக்கிறாய். போன வருஷம் ஆவணியில் அம்மா போனில் சொன்னாள்: “உங்க பெரிம்மா இப்ப பெரிய டாக்டரம்மா. அவ குடுக்குறத நானும் ஜன்னலும் பங்கு போட்டுக்குறோம்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். கஞ்சியைத்தான் குருவிக்குப் போடுகிறாள் போல என்று நானும் சிரித்தேன். அவள் எதைச் சொன்னாள் பெரிம்மா?

அவள் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே போய்ப் பார். சுவரில் ஏதாவது கறை இருந்தால் சுரண்டித் தாளில் மடித்து அனுப்பு. மெஷினில் போட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் அழித்துவிடாதே.

இளமதி

*

புதுவாயல் பக்கம்
10-12-2025

இளமதிக் கண்ணுக்கு,

நீ பெரிம்மா என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் படித்தேன். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே கறை இருக்கிறது. பழுப்பாக, மூன்று கோடாக வடிந்திருக்கிறது. துக்கம் என்று போன பொங்கலுக்கு நான் வீட்டுக்கு வெள்ளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் போயிருக்கும். மேலே சன்ஷேடு இருப்பதால் மழையும் கரைக்கவில்லை.

சாலமோனைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. “இது துருக்கா. ஜன்னல் கம்பி துரு புடிச்சி வடிஞ்சிக்கினு இருக்குது. கம்பெனி தூசி வேற. எங்க ஊட்லயும் இப்டிதான்” என்றான். மற்ற ஜன்னலையும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் துருக் கறை இருக்கிறது. ஆனால் இவ்வளவு கீழே வரைக்கும் வடியவில்லை. இந்த ஜன்னல்தான் கம்பெனிச் சுவர்ப் பக்கம், வெப்பமும் தூசியும் இங்கேதான் அதிகம். அதனால் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

கத்தியால் சுரண்டி மடித்து வைத்திருக்கிறேன். அவள் கஷாயத்தை ஜன்னல் வழியாக ஊற்றியிருந்தால் நல்லது என்று ஒரு பக்கம் மனது அடித்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம், அறுபது நாளும் என்னை ஏமாற்றியிருக்கிறாளே என்று வலிக்கிறது. இது என்ன மனதோ.

ஹஸ்னா இந்தத் தடவை மோந்து பார்க்கவில்லை. என்னக்கா இவ்ளோ சின்னப் பொட்டலம் என்று மட்டும் கேட்டாள்.

பெரிம்மா

*

புதுவாயல் பக்கம்
12-1-2026

புஜ்ஜி,

உன் அக்காதான். இங்கே நான் நலம். கோழி மூன்று தடவை அடைகாத்துவிட்டது. அங்கே உனக்குக் கழுத்து வலிக்காது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இளமதியிடமிருந்து பதில் வந்துவிட்டது. நாளை ரயில் ஏறுகிறாள். போகிக்கு மறுநாள் சென்ட்ரலில் இறங்கி லோக்கல் வண்டி பிடித்து கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிடுவாளாம். சட்டி பொங்குகிற நேரத்துக்குள் வந்தால் சரி. அதோடு ஒரு சேதியும் எழுதியிருக்கிறாள். சேலை கட்டின மாதத்தையும் தூக்கிப் போடாமல், நிழல் போட்டால் என்ன ஆகிறது என்று கைடு அதையும் படிப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். உன் மாங்காய்ப்பச்சைச் சேலை புஸ்தகத்தில் ஏறப்போகிறது. நீ இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பாய்.

மெஷின் சொன்னதையும் எழுதியிருக்கிறாள். சுரண்டிய பொடியில் இரும்பு நிறைய இருக்கிறதாம். இலையின் மருந்து இல்லையாம். அதைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். அப்போது முழுக்கவும் நீதான் குடித்தாய் என்று நினைத்தேன். அடுத்த வரியைப் படிக்கவே பயமாக இருந்தது. பிறகு படித்தேன். அவள் எழுதினதை அப்படியே எழுதுகிறேன்:

“இல்லை என்று மெஷின் சொன்னால் அம்மா ஊற்றவில்லை என்று அர்த்தம் இல்லை பெரிம்மா. ஒரு கோடை முழுக்க அந்தச் சுவர் வெந்திருக்கிறது. அந்தச் சத்து அவ்வளவு வெயிலைத் தாங்காது. இருந்திருந்தாலும் அழிந்துபோயிருக்கும். ஒரு வருஷம் கழித்து அந்தச் சுவரிடம் கேட்டால் அதற்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. எனக்குத் தெரிந்த படிப்பு இவ்வளவுதான். நான் வருகிறேன், வந்து உன்னோடு இருக்கிறேன்.”

பன்னிரண்டு செடி, ஒரு வருஷம், லக்னோ வரைக்கும் போன பொட்டலங்கள், எல்லாம் போய் உன்னிடமே வந்து நின்றுவிட்டது. உன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

வருஷம் திரும்பிவிட்டது, இந்தப் பொங்கலுக்கு வீடு வெள்ளை அடிக்கத்தான் வேண்டும். வாளியில் சுண்ணாம்பு ஊற வைத்திருக்கிறேன், சாலமோன் மட்டை கொண்டுவந்து கொடுத்தான். மூன்று பக்கம் அடித்து முடித்துவிட்டேன். உன் ஜன்னல் பக்கம் மட்டும் பாக்கி. காலையிலிருந்து அதன் முன்னால் நிற்கிறேன். நம் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்து, நீ படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாக ஊற்றிப் பார்த்தேன். எழுந்திருக்காமலே ஊற்ற முடிகிறது. பாதி டம்ளர் ஊற்றினேன். கறை இருக்கிற இடத்தில்தான் வடிந்தது. மீதியை நான் குடித்தேன். வெறும் தண்ணீர்தான்.

முழுக்க ஊற்றினாயானால், என் கையால் உனக்கு ஒன்றும் ஆகவில்லை. கஷாயம் கசந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நான் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன். முழுக்கக் குடித்தாயானால், எனக்காகக் குடித்தாய். ஆனால் நீ இளமதியிடம் பங்கு என்றுதானே சொன்னாய். பங்கு என்றால் இரண்டு பேருக்கும் உண்டு.

அவள் வருவதற்குள் இந்தப் பக்கத்தையும் அடித்துவிட வேண்டும். வந்ததும் கறையைத்தான் பார்ப்பாள், பார்த்தால் அழுவாள். சுண்ணாம்பு காய ஒரு பொழுது வேண்டும். அடித்துவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அதனால் இப்போதே கேட்கிறேன். அக்கா திட்ட மாட்டேன், சத்தியமாக.

ஒரு டம்ளரில் ஜன்னலுக்கு எவ்வளவு குடுத்தே, நீ எவ்வளவுடி குடிச்சே, புஜ்ஜி?